வண்டி ஏன் புறப்படவில்லை?

உத்தியோக நிமித்தமாகப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மோட்டார் வண்டியொன்று இன்னும் இருக்கக் காண்கிறோம். தகப்பனார் வாங்கியதாக இருக்கும். விற்க மனம் வராமல் வைத்திருப்பார்கள். அதற்கு வேண்டிய சில்லறைப் பராமரிப்பைத் தாமே செய்துகொள்வோரும் உண்டு. பழைய வண்டிகளின் தீப்பொறி அமைப்பை அறிந்த தொழிலாளர் அருகி வருகின்றனர் என்பது இதற்கு ஒரு காரணம். அயல்மொழி வழங்கும் பட்டறையில் நின்று வண்டியின் நோயை விளக்கிச் சொல்வதிலுள்ள சங்கடம் மற்றொரு காரணம். மூன்றாவது காரணத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்வோர் சிலரே: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானரும் கையுமாக நிற்பதில் ஓர் இன்பம் இருக்கிறது.

அந்த இன்பத்துக்கு மறுநாள் நேர்வதைப் பற்றியதே இப்பேச்சு. நேற்றுவரை குறையின்றி ஓடிய வண்டி, நாம் சீர்செய்த பிறகு புறப்பட மறுப்பது ஏன்? அப்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது?

2016ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நமக்கே நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அப்போது கொச்சி நகரையடுத்த இடப்பள்ளியில் குடியிருந்தோம். வடக்கே பன்வேல் வரை செல்லும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், திருச்சூர், பாலக்காடு, கோவை வழியாகச் சேலம் செல்லும் 544ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்குமிடம் இடப்பள்ளி. ஆதலால் அங்கிருந்து கோவைக்குப் போவதென்றால் தெருமுனையில் திரும்பினால் போதும். சற்றேறக்குறைய 180 கிலோமீட்டர் நேரே போகலாம். திங்கட்கிழமை முற்பகல் 11 மணிக்குக் கோவையில் ஒரு கண் மருத்துவரிடம் தாயாரைக் காட்டுவதற்கு நேரம் வாங்கியிருந்தோம். இரு கண்ணிலும் புரை. முழங்கால் வலியினால் இரயில் வண்டிப் படிகளில் ஏற அவர்களால் இயலாது. எனவே நமது தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடரில் விடியற்காலை 5 மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.

நெடும் பயணமாயிற்றே, வண்டியைச் சற்றுப் பார்த்துவிடலாம் என்று முந்தின நாள் மூடியைத் திறந்தோம். வண்டியில் யாதொரு கோளாறும் இல்லை. இருந்தும் பாயின்ட்டைப் புதிதாக மாற்றினோம். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தோம். மாலையானதும் மழை வலுத்தபடியால், ஓட்டிப் பார்க்காமலே மூடியை இறக்கிவிட்டோம். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். மறுநாள் விடியலில் தாயார் பின்னிருக்கையில் அமர்ந்தாயிற்று. சாப்பாட்டுக் கூடையும் ஏறியாயிற்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது, சுழல்கிறது, பற்றவே இல்லை.

அந்த நேரத்தில் நாம் செய்தவை அனைத்தும் தவறானவை. பெட்ரோல் வரவில்லை போலும் என்று கார்புரேட்டரைத் திறந்தோம். பிளக்குகளை மறுபடி கழற்றினோம். பாட்டரி சோரும் வரை ஸ்டார்ட்டரை இழுத்தோம். தில்லியில் நாம் இருந்த நாட்களில் நின்றுபோன வண்டி எதைக் கண்டாலும், 'கார்புரேட்டர் மே கச்ரா' என்று சொல்லிக் கை கழுவிவிடும் தொழிலாளரைப் பார்த்துச் சிரித்ததுண்டு. அன்று நமது அறிவும் அந்த அளவில்தான் நின்றது. ஆறு மணியளவில், எதிர்ச் சந்தில் சிறு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் குடையுடன் வந்தார். மூடிக்குள் எட்டியும் பாராமல் ஒரேயொரு கேள்வி கேட்டார்:

"இன்னலெ எவிடெயா கை வச்சது, சாரே?"

நேற்று எங்கே கை வைத்தீர்கள் என்பது கேள்வி. கேள்வி சிறிதாயினும், நமது குழப்பத்தை ஒரு நொடியில் பாதியாகக் குறைத்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஓடிய வண்டி திங்கட்கிழமை காலை ஓடவில்லை. இடையில் நிகழ்ந்தது நமது கைவேலை ஒன்றே. பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் நாம் தொடாதவை. அவை அதே இரவில் தாமாகப் பழுதாயின என்று நினைக்க நியாயம் சிறிதும் இல்லை. தொட்டவை இரண்டு: பாயின்ட், பிளக். அவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

அவர் பின்னர் என்ன கண்டார் என்பது விளங்க வேண்டுமானால், பொறி பிறக்கும் வகையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பிளக்கின் முனையில் தெறிக்கும் பொறி பற்றவைக்கிறது. பிளக்கில் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அழுத்தப்பட்ட ஆவியின் நடுவே அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். பாட்டரியில் உள்ளதோ 12 வோல்ட். இதைப் பெருக்கித் தருவது இக்னிஷன் காயில். அதனுள் ஓர் இரும்புத் தண்டின்மேல் இரு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பியாலான சில நூறு சுற்றுகள். மற்றொன்று மயிரிழை போன்ற கம்பியாலான பல்லாயிரம் சுற்றுகள். தடித்த சுற்றில் பாட்டரியின் மின்சாரம் ஓடும்போது இரும்பு காந்தமாகிறது. அவ்வோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தம் குலைகிறது. குலையும் அந்தக் கணத்தில் மெல்லிய சுற்றில் பேரழுத்த மின்சாரம் எழுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதியே இது. இதனை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி பாட்டரியுடன் இணைத்து, 1910ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் வைத்துக் காட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அதற்குப் பின் ஏறக்குறைய 60 ஆண்டுகள் உலகின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் அவர் வகுத்த வழியிலேயே பொறி கண்டன. 1957இல் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய பெட்ரோல் வண்டிகளும் அவ்வகையின.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறி பிறப்பது மின்சாரம் ஓடும்போது அன்று, அது நிற்கும்போதே. ஓடவும் வேண்டும், பின் நிற்கவும் வேண்டும். இரண்டில் எது தவறினாலும் பொறி இல்லை. ஓடவிட்டு நிறுத்தும் அந்தக் கதவுதான் பாயின்ட். டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் குடுவைக்குள் இருக்கும் இரு சிறு உலோக முனைகள் அவை. நடுத்தண்டு சுழலும்போது அதிலுள்ள நான்கு மேடுகள் ஒரு முனையைத் தள்ளித் தள்ளித் திறக்கின்றன. வில் அதனை மீண்டும் மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல்கையில் இக்கதவு நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பொறி. திறக்கும்போது முனைகளுக்கிடையிலேயே பொறி தெறித்து வீணாகாதபடி அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது பக்கத்திலுள்ள கண்டென்சர். காயிலில் எழுந்த பேரழுத்த மின்சாரம் மூடியின் நடுவே இறங்கி, சுழலும் ரோட்டாரின் வழியே, முறைப்படி நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடப்படுகிறது.

பாயின்ட்டுக்குத் தமிழ்ச் சொல் இல்லையா, கண்டென்சரை மின்தேக்கி என்று சொல்லக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அந்த ஆசை உண்டு. பாடப் புத்தகத்துக்கு அச்சொற்கள் மிகவும் பொருத்தமே. ஆயினும் இடப்பள்ளியிலோ லூதியானாவிலோ கடைக்காரர் எடுத்துக் கொடுக்கப்போவது பாயின்ட்டைத்தான். நாட்டின் எந்த மூலையிலும் மொழிபெயர்க்காமலே செல்லுபடியாகும் சொற்கள் இவை. அயலூரில் வாழ்வோருக்கு அது சிறு உதவி அன்று.

இனித் தேடும் முறைக்கு வருவோம். பொறியின் பாதையில் இரு பகுதிகள் உண்டு என்று கண்டோம். பாட்டரியிலிருந்து சாவி, காயில், பாயின்ட் வரை 12 வோல்ட் ஓடும் தாழ்ந்த அழுத்தப் பகுதி ஒன்று. காயிலின் உச்சியிலிருந்து மூடி, ரோட்டார், பிளக் வரை செல்லும் உயர்ந்த அழுத்தப் பகுதி மற்றொன்று. கோளாறு எந்தப் பகுதியில் என்பதைப் பிரித்தறிந்துவிட்டால் வேலை முக்காலும் முடிந்தது. பிரித்தறியாமல் ஒவ்வொரு பொருளாக வாங்கி மாற்றுவது, நோய் இன்னதென்று அறியாமல் கடையிலுள்ள மருந்தையெல்லாம் குடிப்பது போன்றது. பணமும் போகும், புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் புதுத் தவறு நுழையவும் இடமுண்டு.

சோதனை இது. மூடியின் நடுவிலுள்ள தடித்த கம்பியை, காயிலிலிருந்து வருகிறதே அதனை, மூடியிலிருந்து உருவுக. அதன் உலோக முனையை எஞ்சினின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதிக்கு அரை விரல் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் நிறுத்துக. வெறுங்கையால் பிடிக்கலாகாது, நன்கு காப்பிட்ட இடுக்கியாலோ உலர்ந்த மரக்கவ்வியாலோ பிடிக்க வேண்டும். சிந்திய பெட்ரோல் இருந்தால் அது முற்றும் உலரும் வரை காத்திருக்க வேண்டும். நமது நோக்கம் பொறியை வரவழைப்பது என்பதை மறக்கலாகாது. கியர் நடுநிலையில் இருக்க வேண்டும். கைப்பிரேக்கு இழுத்திருக்க வேண்டும். இப்போது வேறொருவர் ஸ்டார்ட்டரை இழுக்கட்டும். நீலநிறத்தில் சடசடவென்று பொறி பாய்ந்தால், காயில், பாயின்ட், கண்டென்சர் மூன்றும் நலம், கோளாறு அதற்கப்பால். பொறியே இல்லையெனில் தாழ்ந்த அழுத்தப் பகுதியில் தேடுக. மஞ்சளித்துச் சோர்ந்த பொறி வந்தால் கண்டென்சர் மீதோ பாயின்ட்டின் முகத்தின் மீதோ ஐயம் கொள்ளலாம்.

நமது வண்டியில் பொறியே இல்லை.

அடுத்து அம்முதியவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது இரு கம்பிகள் கோத்த ஒரு 12 வோல்ட் பல்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. காயிலில் இரு சிறு முனைகள் உண்டு. சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனை ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனை மற்றொன்று. பல்பின் ஒரு கம்பியை எஞ்சினில் வைத்து, மறு கம்பியால் முதல் முனையைத் தொட்டார், எரிந்தது. ஆகவே பாட்டரியிலிருந்து காயில் வரை மின்சாரம் வருகிறது. இரண்டாம் முனையைத் தொட்டு, எஞ்சினை மெல்லச் சுழற்றச் சொன்னார். இங்கே பாயின்ட் திறக்கும்போது பல்பு எரியவும், மூடும்போது அணையவும் வேண்டும். மூடியிருக்கையில் மின்சாரம் பல்பை விட்டுவிட்டுப் பாயின்ட்டின் வழியே எளிதாகப் போய்விடும் என்பதே இதன் காரணம். இடைவிடாது எரிந்துகொண்டேயிருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது மூடியும் உலோகம் உலோகத்தைத் தொடவில்லை என்பது பொருள். நமது வண்டியில் பல்பு எரியவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றினார். உடனே பல்பு எரிந்தது.

அவ்வளவுதான். காயில் நலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ மின்சாரம் எஞ்சினின் உடம்போடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டறை வழக்கில் 'எர்த் ஆகிறது' என்பார்கள். பாயின்ட் திறந்தாலும் மூடினாலும் ஓட்டம் நிற்காது. நிற்காத ஓட்டத்தில் பொறி பிறக்காது.

மூடியைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், நம்மை அழைத்துக் காட்டினார். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டின் வில் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு உலோகக் கம்பம் நிற்கும். அக்கம்பம் எஞ்சினின் உடம்போடு சேர்ந்தது. வில்லின் கண்ணும், காயிலிலிருந்து வரும் கம்பியின் கண்ணும், கண்டென்சர் கம்பியின் கண்ணும் அக்கம்பத்தில் கோக்கப்பட்டிருந்தாலும் அதனைத் தொடவே கூடாது. தம்முள் மட்டும் தொட வேண்டும். இதற்காக அடியில் ஒரு காப்பு வளையமும், மேலே தொப்பி வடிவில் ஒரு சிறு பிளாஸ்டிக் காப்பும் உண்டு. கம்பிகளின் கண்கள் தொப்பிக்கு அடியில், வில்லோடு ஒட்டி இருக்க வேண்டும், அதன்மேல் நட்டு. நாமோ தொப்பியை முதலில் போட்டுவிட்டுக் கம்பிகளை அதன் மேலே வைத்து நட்டை இறுக்கியிருந்தோம். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. இறுக்கமும் குறைவில்லை. வரிசை மட்டும் மாறிவிட்டது. அதனால் இரு கம்பிகளும் நட்டின் வழியே எஞ்சினோடு சேர்ந்துவிட்டன.

நட்டைக் கழற்றிச் சரியான வரிசையில் வைக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம். ஆனால் பாட்டரி சோர்ந்துவிட்டதால் வண்டியைத் தள்ள ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. நாம் அவசரத்தில் பிரித்துப் போட்ட கார்புரேட்டரைப் பழையபடி பூட்டுவதிலும் நேரம் போயிற்று. புறப்பட்டபோது மணி 9.

இவ்வகைக் கோளாறு நமக்கு மட்டும் நேர்வதன்று. பழைய லூகாஸ் அமைப்பில் வீட்டு வேலைக்குப் பின் வரும் பிழைகளுள் அடிக்கடி காணப்படுவது. இதைவிட எளியதும் வெட்கத்துக்குரியதுமான ஒன்று, ரோட்டாரை மறப்பது. பாயின்ட்டை மாற்ற ரோட்டாரை உருவி எடுத்து எங்காவது வைக்கிறோம், மூடியைப் போட்டுவிடுகிறோம், ரோட்டார் பாட்டரியின்மீதே கிடக்கிறது. காயிலிலிருந்து பொறி நன்றாக வரும், பிளக் ஒன்றிலும் வராது. பாயின்ட்டைச் சுத்தம் செய்ய நுழைத்த காகிதத்தின் கிழிசல் முனைகளுக்கிடையே தங்கிவிடுவதும் உண்டு. புதிய பாயின்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலத்தைத் துடைக்காமல் விட்டாலும் விளைவு அதுவே. மேடுகளில் தடவும் கிரீஸ் கடுகளவு போதும். அன்பு மிகுந்து அப்பினால் அது தெறித்துப் பாயின்ட்டில் விழுந்து கரியாகும். பழைய பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்போரும் உளர். அதன் மணல் துகள் முனையில் பதிந்துவிடுமாதலால் அதனை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

பிளக் கம்பிகளை ஒரே சமயத்தில் நான்கையும் உருவியவர்களுக்கு வேறு வகைச் சோதனை காத்திருக்கிறது. அம்பாசிடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பொறி வரிசை 1, 3, 4, 2; எண்ணிக்கை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து தொடங்கும்; டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அவ்வரிசை அமையும். இரு கம்பிகள் இடம் மாறினால் எஞ்சின் இருமும், கார்புரேட்டர் வழியே தும்மும், சைலன்சரில் வெடிக்கும், சில வேளை இரு சிலிண்டரில் மட்டும் நொண்டிக்கொண்டு ஓடும். ஓசையே இல்லாமல் சுழலும் எஞ்சினுக்குப் பொறி இல்லை என்றும், தும்மி வெடிக்கும் எஞ்சினுக்குப் பொறி உண்டு, காலமோ வரிசையோ தவறு என்றும் கொள்வது பெரும்பாலும் பிழையாகாது. ஒரு கம்பியைக் கழற்றி அதனைச் சேர்த்த பின்னரே அடுத்ததைத் தொடுவது என்ற வழக்கம் இருந்தால் இத்தொல்லையே இல்லை.

பாயின்ட்டின் இடைவெளியைப் பற்றியும் ஒரு சொல். லூகாஸ் வகையில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அளக்கும்போது நகரும் முனையின் குதி, நடுத்தண்டின் மேட்டின் உச்சியில் நிற்க வேண்டும். பள்ளத்தில் நிற்கையில் அளந்தால், ஓடும்போது இடைவெளி வேறாகிவிடும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும். குறைந்தால் தாமதித்துத் திறக்கும். ஆகவே இடைவெளியை மாற்றியவர் பொறி விழும் காலத்தையும் மாற்றியவராகிறார். பாயின்ட் மாற்றிய பிறகு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று முறையிடுவோர் பிஸ்டனையும் வால்வையும் சந்தேகிக்குமுன் டைமிங்கைப் பார்க்க வேண்டும். திருச்சூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே குதிரான் மேட்டில் 2021 ஜூலை 31 அன்று முதல் மலைக்குகைப் பாதை திறக்கப்படும்வரை, வண்டியின் டைமிங்கைச் சோதிக்க அதைவிடச் சிறந்த பரிசோதனைச் சாலை வேறில்லை. அங்கே முக்கி முனகிய வண்டிகளின் பின்னால் நாமும் நின்றிருக்கிறோம்.

கைவேலையின் பிழையோடு பருவத்தின் பிழையும் சேர்ந்துகொள்வதுண்டு. கேரளத்தில் ஜூன் முதல் காற்றில் ஈரம் ஊறியிருக்கிறது. திறந்த மூடியின் உட்புறத்தில் பனித்தாற்போல் நீர் படியும்; கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியே பொறி தவறான இடத்துக்குப் பாய்ந்து கருங்கோடு போடும். அக்கோட்டை ஒருமுறை கண்டால் மூடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வெறும் ஈரமாயின், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சிப் பக்கங்களில், காயலுக்கும் கடலுக்கும் அருகே வண்டியை நிறுத்துவோர் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதைக் காண்பர். களிம்பு ஏறிய முனையை அழுத்திச் செருகினாலும் மின்சாரம் முழுதாகப் பாயாது. சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகே செருக வேண்டும். பம்பாய், கல்கத்தா நேயர்களுக்கும் இது பொருந்தும்.

இருந்தாலும், தாமே பழுது பார்ப்பது வீண் வம்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அன்று நாம் போக வேண்டியிருந்த கோவையிலேயே அதற்கு மறுமொழி உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு எஞ்சினியரிங் கல்லூரியின் வாசலை மிதித்தவரல்லர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் விலைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தாமே பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். பிரிப்பதைக் குறித்து யாரும் குறை சொல்ல முடியாது. எந்த வரிசையில் பிரித்தோம் என்று கவனிக்காமல் பிரித்ததே நமது குற்றம். இப்போதெல்லாம் அதற்கு மிகவும் எளிய உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு நட்டையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அன்று அந்தத் தொப்பியைப் படம் எடுத்திருந்தால் நான்கு மணி நேரம் மிஞ்சியிருக்கும். வேலை முடிந்ததும் மழையைப் பாராமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் இரவுக்குள்ளேயே தெரிந்திருக்கும். மறுநாள் பயணமென்றால் முந்தின நாள் மூடியைத் திறப்பதில்லை என்பதும் இப்போது நமது வீட்டில் சட்டம். அதனை இயற்றியவர் தாயார்.

புதிய வண்டி வைத்திருப்போர், எமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவர்களது வண்டியில் பாயின்ட் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் இருக்கும். எப்போது பொறி விழ வேண்டும் என்பதை ஒரு கணிப்பொறி தீர்மானிக்கும். அவற்றில் கம்பியை உருவிப் பொறி பார்க்கும் பழைய சோதனையைச் செய்யவே கூடாது; கணிப்பொறியின் உறுப்புகள் கெடக்கூடும், மின்னதிர்ச்சியும் கடுமை. ஆயினும் முதியவரின் கேள்வி அங்கும் செல்லும். காற்று வடிகட்டியை மாற்றியவர் உணர்கருவியின் செருகியைக் 'கிளிக்' என்ற ஓசை வரும்வரை அழுத்தவில்லை. பாட்டரியைக் கழற்றி மாட்டியவர் எர்த் பட்டையை இறுக்கவில்லை. பிளக் மாற்றியவர் ஒரு காயிலின் செருகியை மறந்துவிட்டார். இப்படிப்பட்டவையே பெரும்பாலும் இருக்கும். இன்றைய வண்டியில் ஸ்டியரிங்கின் அடியில் ஒரு துளை உண்டு. அதில் சிறு கருவியொன்றைச் செருகினால் வண்டியே தன் குறையை எண்ணாகச் சொல்லும். அந்த எண் எந்தப் பாதையில் குறை என்று காட்டுமே தவிர, அப்பாதையில் அறுந்தது கம்பியா, கழன்றது செருகியா என்று சொல்லாது. அங்கே மறுபடியும் நமது கண்ணும் நினைவும்தான்.

அன்று வாளையாறு தாண்டும்போது பகல் ஒரு மணி. மருத்துவர் எழுந்து போய்விட்டார். கோவையில் உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் காலையில் காட்டினோம். அடுத்த மாதம் ஒரு கண்ணுக்கும், தைப்பொங்கலுக்குப் பின் மறு கண்ணுக்கும் அறுவை நடந்தது. நாம் பின்னர் அவ்வூரைவிட்டு மாற்றலாகிவிட்டோம். வண்டியும் உடன் வந்தது. கழற்றிய பழைய பாயின்ட்டை எறியவில்லை. தேய்ந்திருந்தாலும் ஊர் போய்ச் சேர அது போதும். அதனுடன் ஒரு ரோட்டார், ஒரு கண்டென்சர், கம்பி கோத்த 12 வோல்ட் பல்பு, ஒரு பீலர் கேஜ், ஓர் உலர்ந்த துணி ஆகியவை பிஸ்கோத்துத் தகர டப்பா ஒன்றில் முன்னிருக்கையின் அடியில் இருக்கின்றன. டப்பா மூடியின் உட்புறத்தில் 1, 3, 4, 2 என்று பெயின்ட்டினால் எழுதி வைத்திருக்கிறோம்.